பட்டறைப் பக்கம்: லோடர் தூக்கலையா? திருகாணியில் கை வைக்கும் முன் கேஜை மாட்டுங்க!

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். தோப்போரம் மாட்டுக் கொட்டகை, அதன் பின்னால் ஆறு மாத எருக்குவியல். மழை தொடங்கும் முன் அத்தனையும் மரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் தோப்புக்காரர் தன் 27 குதிரைத்திறன் குட்டி டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டினார்.

போன மாதம் வரை பக்கெட் நிறைய எருவை அள்ளிச் சுலபமாகத் தூக்கியது. இப்போது பாதிப் பக்கெட்டுக்கே முக்குகிறது. முழுசாக அள்ளினால் வால்வு பக்கம் 'கீ...' என்று சத்தம்தான் வருகிறது. லோடரின் கை எழும்புவதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் உடனே வைத்தியம் சொன்னார். "ரிலீஃப் வால்வுல ஒரு திருகாணி இருக்குதுங்க. ரெண்டு சுத்து உள்ள விடுங்க, யானையையே தூக்கும்!"

தோப்புக்காரர் ஸ்பேனரோடு குனிந்த நேரத்தில்தான் மெக்கானிக் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். அவர் கண்ணில் முதலில் பட்டது வால்வு இல்லை. பாதி எருவோடு நெஞ்சு உயரத்தில் நிற்கும் பக்கெட், அதற்குக் கீழே செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருந்த தோப்புக்காரரின் மகன்.

"தம்பி, மொதல்ல பையனை வெளிய வரச் சொல்லுங்க. பக்கெட்டைத் தரையில இறக்கிப் போட்டுட்டு அப்புறம் பேசலாம்."

தவறான நட் ஒன்றைக் கழற்றியிருந்தால், அத்தனை எடையும் ஒரு நொடியில் கீழே வந்திருக்கும். லோடர் வேலையில் முதல் விதி இதுதான்: தூக்கி நிற்கும் பக்கெட்டுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, லிவரை நாலு பக்கமும் அசைத்து உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே எந்த இணைப்பிலும் கை வைக்க வேண்டும்.

அந்தத் திருகாணி என்ன செய்கிறது?

இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ள, லோடரின் கைகள் எழுகின்றன. சுமை கூடக் கூட ஆயிலின் அழுத்தமும் ஏறும். அளவில்லாமல் ஏறினால் ஹோஸ் வெடிக்கும், பம்ப் உடையும்.

அதைத் தடுப்பதுதான் ரிலீஃப் வால்வு. வீட்டுக் குக்கரின் வெயிட் போன்றது. உள்ளே ஒரு ஸ்பிரிங், சிறிய வால்வை அதன் இருக்கையில் அழுத்திப் பிடித்திருக்கும். குறித்த அழுத்தம் வந்ததும் வால்வு திறந்து, ஆயிலை டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். அப்போது எழுவதுதான் அந்தக் 'கீ...' சத்தம். திருகாணியை உள்ளே திருகினால் ஸ்பிரிங் இறுகும். வால்வு இன்னும் கொஞ்சம் தாமதமாக, அதிக அழுத்தத்தில் திறக்கும்.

சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இந்த அழுத்தம் 140 முதல் 170 பார் வரை இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார். அதாவது 150 பார் என்பது கார் டயரைப் போல கிட்டத்தட்ட 70 மடங்கு!

"போன மாசம் தூக்குச்சுங்களா?"

மெக்கானிக் ஸ்பேனரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"போன மாசம் இதே எருவை இதே பக்கெட்டுல தூக்குச்சுங்களா தம்பி?"

"தூக்குச்சுங்ணா. நல்லாவே தூக்குச்சு."

"அப்ப திருகாணி எங்கயும் போகலைங்க. லாக் நட்டு இறுக்கமா இருக்குது பாருங்க. அது தானா சுத்தாது. வேற ஏதோ நடந்திருக்குது."

அடுத்து ஆயில் அளவைப் பார்த்தார். குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், நுரை தட்டும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருந்தாலும் லோடர் திணறும். இங்கே ஆயில் சரியாகவே இருந்தது. ஃபில்டரை மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்பது மட்டும் தோப்புக்காரருக்கு நினைவில்லை.

"மெதுவா தூக்கறது வேற, தூக்கவே முடியாதது வேற" என்று மகனுக்குப் புரிய வைத்தார். வேகத்தைத் தீர்மானிப்பது பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது. 50 மி.மீ. உள்விட்டமும் 400 மி.மீ. நீள ஓட்டமும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள் நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆயில் தேவை. நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப் அதை ஐந்து விநாடிக்குள் நிரப்பிவிடும். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் இந்த நேரம் குறையாது. தூக்கிய பக்கெட் தானாக மெல்ல இறங்கினால், பெரும்பாலும் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு. அதற்கும் திருகாணி மருந்தாகாது.

கேஜ் சொன்ன உண்மை

பையிலிருந்து 250 பார் வரை காட்டும் கேஜ் ஒன்றை எடுத்து, வால்வு பிளாக்கில் சோதனைக்கென்றே இருக்கும் துளையில் மாட்டினார். பிறகு கால் மணி நேரம் டிராக்டரை ஓட்டி ஆயிலைச் சூடாக்கினார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அளவு தப்பாகக் காட்டும்.

பக்கெட் தரையிலேயே இருக்க, கையேட்டில் சொன்ன ஆர்.பி.எம்-க்கு இன்ஜினைக் கொண்டுவந்தார். லிவரை அசைத்துப் பக்கெட்டைப் பின்பக்கமாக முழுசாக மடக்கி, மேலே நகர இடமில்லாத நிலையில் மூன்று விநாடி மட்டும் பிடித்தார். அதற்கு மேல் பிடித்தால் ஆயில் சூடாகிவிடும். முள் 112 பாரில் நின்றது. அந்த மாடலின் கையேட்டில் இருந்ததோ 150.

"பாத்தீங்களாண்ணா, கம்மியாத்தான இருக்குது. திருகிடலாமுங்களா?"

"ஏன் கம்மியாச்சுன்னு பாக்காம திருகக் கூடாதுங்க."

இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, வால்வைச் சுற்றித் துடைத்துவிட்டு அதைக் கழற்றினார். திருகாணி எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்பதையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். வால்வின் இருக்கையில் மணல் அளவுக்கு ஓர் இரும்புத் துகள். அது ஒட்டியிருந்ததால் வால்வு முழுசாக மூடாமல், ஆயில் டேங்குக்கே கசிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் இரண்டு சுற்று திருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்றாவது ஒரு நாள் துகள் நகர்ந்ததும், அழுத்தம் யாரும் எதிர்பாராத உயரத்துக்குப் போயிருக்கும்.

துகளை எடுத்து, புது ஃபில்டர் போட்டு, திருகாணியைப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அளந்தார். 138. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இப்போதுதான் திருகாணிக்கு வேலை வந்தது.

லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று உள்ளே. ஓட்டிப் பார்த்தால் 145. இன்ஜினை நிறுத்தி இன்னும் கொஞ்சம். 150. நட்டை இறுக்கி மீண்டும் ஒருமுறை சரிபார்த்தார். கால் சுற்றுக்கு எத்தனை பார் ஏறும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேஜைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில வால்வுகளில் திருகாணியே கிடையாது, ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் மெல்லிய வளையங்கள்தான். திருகியும் முள் நகரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது டிராக்டரிலேயே உள்ள இன்னொரு ரிலீஃப் வால்வு முந்திக்கொண்டு திறக்கலாம்.

"இன்னும் ஒரு சுத்து?"

பக்கெட் நிறைய எரு சுலபமாக மேலே போனது. தோப்புக்காரருக்கு ஆசை விடவில்லை.

"வாய்க்கா மணலும் அள்ள வேண்டியிருக்குதுங்ணா. இன்னும் ஒரு சுத்து..."

மெக்கானிக் தலையசைத்து மறுத்தார். 300 லிட்டர் பக்கெட்டில் ஈர எரு 250 கிலோவைத் தொடலாம். அதே பக்கெட்டில் ஈர மணல் 550 கிலோவைத் தாண்டும். அழுத்தத்தை 10 சதவீதம் ஏற்றினால் சிலிண்டரின் தள்ளும் விசையும் அதே 10 சதவீதம்தான் கூடும். மணலுக்கு அது போதாது. ஹோஸ், சீல், பம்ப், லோடரின் பற்றவைப்பு, முன் அச்சு எல்லாமே கையேட்டில் உள்ள அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை. வாரண்டி இருந்தால் அதுவும் போகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் இருக்கிறது. முன்னால் எடை ஏற ஏறப் பின் சக்கரங்கள் இலகுவாகும். சரிவில் பக்கெட்டை உயர்த்தித் திரும்பினால் குட்டி டிராக்டர் கவிழ வெகுநேரம் ஆகாது. பின்னால் எதிர் எடை கட்டி, பக்கெட்டை முடிந்தவரை தாழ்வாக வைத்தே ஓட்ட வேண்டும். தூக்க முடியாத சுமையில் வால்வு திறந்துகொள்வது பழுதில்லை. அது அதன் வேலையைச் செய்கிறது.

கையை வைத்துத் தேடாதீர்கள்

கிளம்பும் முன் மகன் ஹோஸில் ஏதோ ஈரம் என்று விரலை நீட்டினான். பெரியவர் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல ஒரு புள்ளிதான். தொடக்கத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஏதும் நடந்தால் காலை வரை காத்திருக்காமல், உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

அன்றைக்கு அந்த ஈரம் வெறும் தண்ணீர்தான். மகன் 150-இல் நிற்கும் கேஜைப் போட்டோ எடுத்து வைத்தபடி, டூல் பாக்ஸின் மூடிக்குள் தேதியையும் எண்ணையும் மார்க்கரால் எழுதினான். அடுத்த முறை லோடர் முக்கினால், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிடும் முன் அந்த மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

மாலைக்குள் எருக்குவியலில் பாதி மரத்தடிக்குப் போய்விட்டது.