பையில் இருக்க வேண்டிய மருந்து

வெளியூர்ப் பயணம் என்றால் நம் இல்லத்துப் பெண்கள் தலைவலித் தைலத்தையும் இஞ்சி மரப்பாவையும் மறவாமல் பையில் வைத்துவிடுவர். வேண்டிய நேரத்தில் வழியில் மருந்துக்கடை கிடைக்காது என்பதை அவர்கள் அறிவார்கள். இன்று பிள்ளைகள் மடிக்கணினியையும் சுமந்துகொண்டு புறப்படுகிறார்கள். அதற்கு நோய் வந்தால் கொடுக்க என்ன மருந்து வைத்திருக்கிறோம்?

சென்ற ஆண்டு என் தங்கை மகன் கோவையிலிருந்து சென்னைக்குப் பகல் இரயிலில் சென்றான். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. தூத்துக்குடியில் கப்பலேறக் காத்திருந்த சரக்கின் பேக்கிங் லிஸ்ட் அவனுடைய மடிக்கணினியில் இருந்தது. நண்பகலுக்குள் அது கிளியரிங் ஏஜெண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரோட்டைக் கடந்ததும் வைஃபை நின்றுபோயிற்று. எதிரே அமர்ந்திருந்த இளைஞர், விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் பதியச் சொன்னாராம். கலங்கிப்போனவன் எனக்குத் தொலைபேசினான். "மாமா, இது போகாவிட்டால் என் வேலையே போய்விடும்" என்றான்.

எனக்கு இதில் என்ன தெரியும்? காந்திபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "முதலில் காரியம் ஆகட்டும், கருவியைப் பிறகு பார்க்கலாம். கைப்பேசியைக் கேபிள் வழியே கணினியில் இணைத்து, கைப்பேசியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொல்லுங்கள்" என்றார். அப்போது இணையம் கம்பி வழியே வரும். வைஃபை அட்டை தேவையே இல்லை. ஆனால் அவனிடம் இருந்ததோ மின்சாரம் மட்டும் ஏற்றும் கேபிள். தகவல் அதில் செல்லாது. எதிரே இருந்த இளைஞரே தம் கேபிளைக் கொடுத்து உதவினார். அவர் கூறிய யோசனை தவறு. கொடுத்த கேபிள் சரியானது! சேலம் வருமுன் பேக்கிங் லிஸ்ட் போய்ச் சேர்ந்தது.

பின்னர் அந்த நண்பரிடம் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில், நோய் எங்கே என்று பிரித்தறிய வேண்டும். வைஃபை பட்டியலில் பெயர்கள் தெரிந்தும் இணையம் வரவில்லையெனில், குறை பெரும்பாலும் அட்டையில் இல்லை. ஓடும் இரயிலில் கைப்பேசிச் சமிக்ஞை அறுவது இயல்பு. வைஃபை பொத்தானே மறைந்துவிட்டால் அட்டையையோ அதன் டிரைவரையோ ஐயுறலாம். பெரும்பாலான கணினிகளில் புளூடூத்தும் அதே அட்டையில்தான் இருக்கிறது. இரண்டும் ஒருசேர மறைந்தால் ஐயம் வலுக்கிறது.

அடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மூடியை மூடுவது கணினியை உறங்க வைப்பதே. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே திரும்ப வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் டிரைவர்கள் புதிதாக ஏறும். அதிலும் சரியாகாவிடில், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தபின் இயக்கிப் பார்க்கலாம்.

அப்போதும் வராவிடில், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பெயரைத் தேர்ந்து அன்இன்ஸ்டால் செய்து, மீண்டும் ரீஸ்டார்ட் செய்யலாம். ஆனால் டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யலாகாது. நீக்கிவிட்டால் அதை மீண்டும் இறக்க இணையம் வேண்டும். இணையமோ அந்த அட்டை வழியேதான் வரவேண்டும்! கிணற்றுக்குள் விழுந்தவனிடம் கயிறு வாங்கி வரச் சொன்ன கதையாகிவிடும்.

அடிக்கடி இப்படி நிகழ்ந்தால், அதே இடத்தில் பவர் மேனேஜ்மெண்ட் என்ற பகுதி இருக்கிறதா என்று பார்க்கவும். மின்சாரம் சேமிக்க அட்டையை அணைக்கும் அனுமதி அங்கிருந்தால் எடுத்துவிடலாம். தலையணை, போர்வை மீது கணினியை வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும், அதையும் தவிர்க்கவும். உள்ளிருக்கும் அட்டையை இரயிலில் திருகு கழற்றி ஆராய்வது கூடாது. அதில் மெல்லிய ஆண்டெனாக் கம்பிகள் இருக்கின்றன. சில கணினிகளில் அட்டை மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டும் இருக்கும்.

இவ்வளவுக்கும் மேலானது, புறப்படுவதற்கு முந்தைய இரவு செய்யும் பத்து நிமிட வேலை. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து தம் மாடலுக்குரிய வைஃபை டிரைவரை இறக்கி, கணினியிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் செல்லும் கேபிள் ஒன்றை எடுத்து, டெதரிங் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். அடிக்கடி பயணம் செய்வோர் சில நூறு ரூபாயில் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றையும் வைத்திருப்பது நலம்.

இப்போதெல்லாம் என் தங்கை, மகனின் பையில் இஞ்சி மரப்பாப் பொட்டலத்தின் அருகிலேயே அந்தக் கேபிளையும் பென் டிரைவையும் வைத்துக் கட்டுகிறாள். அவை என்னவென்று அவளுக்கு முழுவதும் தெரியாது. எப்போது வைக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.