அம்மாவின் எடையைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்... மாடிப்படிக்கு ஸ்டேர் லிஃப்ட் வாங்கும் முன்!

பழநிக்குப் போகும்போது முழங்கால் வலி உள்ள அம்மாவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. படிப்பாதை பக்கம் போகாமல் நேராக வின்ச் ஸ்டேஷனில் வரிசையில் நின்றுவிடலாம். 1966-ல் முதல் வின்ச், 2004-ல் ரோப் கார் என்று மலையேற முடியாதவர்களுக்கு அங்கே வழி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தரிசனம் முடிந்து திண்டுக்கல் திரும்பிய பிறகுதான் சிக்கல். வீட்டு மாடிக்கு இருபது படி. அதற்கு வின்ச் கிடையாது.

திண்டுக்கல் டவுனில் பல வீடுகள் ஒரே மாதிரிதான். கீழே கடை அல்லது வாடகைக் குடித்தனம், மேலே வீட்டுக்காரர். வாடகைதான் அந்த வயதில் வருமானம் என்பதால், ‘கீழே வந்துவிடுங்கள்’ என்று சொல்வது எளிதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்குவார்கள். கனமான உடம்பு என்றால் தூக்குகிறவர்கள் முகத்தில் தெரியும் சிரமத்தை உட்கார்ந்திருப்பவரும் பார்க்கிறார். அதற்குப் பயந்தே கல்யாணம், காதுகுத்து, கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாடியிலேயே முடங்கிப்போன அம்மாக்கள் அநேகம்.

இவர்களுக்கான கருவிதான் ஸ்டேர் லிஃப்ட். படிகளின் ஓரமாக ஒரு தண்டவாளம், அதில் ஏறி இறங்கும் ஒரு நாற்காலி, கைப்பிடியில் ஒரு சுவிட்ச். 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார் விற்பனை செய்துகொண்டிருந்த சி.சி.கிறிஸ்பென், உடல்நலம் குன்றிய நண்பர் மாடியைவிட்டு இறங்க முடியாமல் கிடந்ததைப் பார்த்து இப்படியொரு நாற்காலியை உருவாக்கினார். நூறு வருடத்தில் மோட்டாரும் பேட்டரியும் மாறியிருக்கின்றன. யோசனை அதேதான்.

வாங்கப் போகும் குடும்பங்கள் முதலில் கேட்பது விலையை. முதலில் சொல்ல வேண்டியதோ எடையை. சாதாரண மாடல்கள் பெரும்பாலும் 120 முதல் 140 கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேல் 160, 200 கிலோ என்று தாங்குபவற்றை ‘ஹெவி டியூட்டி’ என்கிறார்கள். இந்தப் பெயருக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதால், பெயரை நம்பாமல் எத்தனை கிலோ என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சங்கடம் வருகிறது. அளவெடுக்க வந்தவர் எல்லார் முன்னாலும் “அம்மா எவ்வளவு வெயிட் இருப்பாங்க?” என்று கேட்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். மகன் அவசரமாக, “ஒரு தொண்ணூறு இருக்கும்” என்பார். உண்மையில் 125 இருக்கும். அந்த ஒரு பொய், பாசத்தில் சொன்னதுதான். ஆனால் தாங்கும் அளவை மீறி உட்கார்ந்தால் மோட்டார் திணறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், நடுப்படியில் நின்றுபோகவும் கூடும். வாரன்ட்டியும் கைவிட்டுப் போகும். அடுத்த செக்கப்பின்போது ஆஸ்பத்திரியிலேயே எடை பார்த்து, அந்த எண்ணைக் கம்பெனிக்காரரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். அதோடு பதினைந்து இருபது கிலோ கூட்டி மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வயது ஏற ஏற நடமாட்டம் குறையும், எடை கூடத்தான் வாய்ப்பு.

எடை தாங்கினால் மட்டும் போதாது. இருக்கை குறுகலாக இருந்து இரண்டு கைப்பிடிக்கும் நடுவே உடம்பு நெரிந்தால், இரண்டாம் நாளே “எனக்கு இது வேண்டாம்” என்று சொல்லிவிடுவார். ஹெவி டியூட்டி மாடல்களில் இருக்கை அகலம் கூடுதல். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு இருக்கை சற்று உயரமாக இருந்தால் எழுந்திருக்க சுலபம். கால் பலகையைக் குனிந்து மடக்க வேண்டியிருக்கிறதா, சுவிட்சிலேயே மடங்குமா என்று பாருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி மாடித் தளத்தின் பக்கம் திரும்ப வேண்டும். படியை நோக்கியபடி எழுந்திருப்பது ஆபத்து. ஷோரூமுக்கு அம்மாவையே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பார்க்க முடிந்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது படிக்கட்டு. தண்டவாளத்தைச் சுவரில் மாட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் படிகளின் மேல்தான் போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள். கான்கிரீட் படி என்றால் பயமில்லை. சுவரில் ஒரு முனையைச் செருகி வைத்த கடப்பா கல் படிகள் என்றால், ஒரு சிவில் இன்ஜினீயர் பார்த்துச் சொல்லாமல் துளை போடக் கூடாது. நாற்காலி, தண்டவாளம், ஆள் என எல்லா எடையும் அந்தக் கல்லில்தான் இறங்கும்.

தேசியக் கட்டட விதிகள் சாதாரண வீட்டுக்கு ஒரு மீட்டர் அகலப் படியைச் சொல்கின்றன. பழைய வீடுகளில் இரண்டரை அடிப் படியும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்து போவதால், எதிர்ச்சுவரில் முழங்கால் இடிக்குமா என்பதை அளந்தே ஆக வேண்டும். மடக்கிவைத்த பிறகு மற்றவர்கள் நடக்கவும் இடம் வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டுக்கு வளைந்த தண்டவாளம் தேவை. அந்த வீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்வதால் செலவும் காத்திருப்பும் கூடும். வளைந்த தண்டவாளத்தில் தாங்கும் எடை குறையலாம் என்பதால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வெளியே உள்ள படி என்றால், வெயிலும் மழையும் தாங்கும் மாடலாகக் கேளுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நேராக உட்கார முடியாதவர், சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்கார முடியாதவர், ஞாபக மறதி முற்றியவர் என்றால், அந்தப் பணத்தைச் சின்ன வீட்டு லிஃப்டுக்குச் செலவிடலாமா என்று யோசிக்கலாம். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

‘மாதாந்திர பராமரிப்பு’ என்று காலையில் போகும் கரன்ட் மாலையில்தான் வரும் நம் ஊரில், நடுவில் நின்றுவிட்டால்? பெரும்பாலான மாடல்கள் பேட்டரியில் ஓடுபவை. கரன்ட் இல்லாதபோதும் சில தடவை ஏறி இறங்கலாம். ஆனால் இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இந்த சார்ஜருக்கு ஆகாது. அணைத்தால் பேட்டரி இறங்கிவிடும். சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பழநி வின்ச்சையும் ரோப் காரையும்கூட அவ்வப்போது நிறுத்திப் பராமரிப்பு செய்கிறார்கள். வீட்டு நாற்காலிக்கும் அது உண்டு. பழுது பார்க்க ஆள் மதுரையிலிருந்து வருவாரா, சென்னையிலிருந்தா, எத்தனை நாளில், பேட்டரி மாற்ற என்ன செலவு என்பதெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்.

நேர்ப்படி என்றால் மாட்டும் வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். முதல் வாரம் யாராவது ஒருவர் கூடவே படியேறி வரட்டும். பெல்ட் போடும் பழக்கமும் அதற்குள் வந்துவிடும். பேரனை மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. 30 கிலோ இருக்கும் கேஸ் சிலிண்டரை ஏற்றி அனுப்பும் யோசனை யாராவது ஒருவருக்குக் கட்டாயம் வரும், அதுவும் கூடாது. விளையாட்டாக ஓட்டிப் பார்க்காமல் இருக்க நாற்காலிக்குச் சாவி உண்டு. பூட்டுக்குப் பேர் போன ஊருக்குச் சாவியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகள் கேட்டு நச்சரிப்பார்கள். அது பாட்டியின் இடுப்பிலேயே இருக்கட்டும்.