டெலிபோன் ஊமையானாலும் செய்தி போகும்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. சுனாமி அலைகள் அந்தமான் தீவுகளைத் தாக்கின. டெலிபோன்கள் ஊமையாகிவிட்டன.

அப்போது பாரதி பிரசாத் என்ற பெண்மணி போர்ட் பிளேரில் இருந்தார். அவர் ஒரு "ஹாம்". அதாவது, அரசாங்க லைசென்சு வாங்கி, லாப நோக்கம் இல்லாமல் சொந்த ரேடியோவில் பேசுகிறவர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு குழுவுடன் அங்கு போயிருந்தார். தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை, அவருடைய ரேடியோ வெளியே கொண்டு சேர்த்தது.

வாயால் அல்ல, கம்ப்யூட்டரால்!

100 பேரின் பெயர்களை வாயால் படித்துச் சொல்ல நேரம் ஆகும். "முனியம்மா" என்பது "முனியப்பா" என்று காதில் விழலாம்.

அதே பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்து, ரேடியோ வழியாக அனுப்பலாம். வழக்கமான வேகம், கணக்குப்படி நொடிக்கு 150 ஆங்கில எழுத்துகள். செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் போகும். ஒரு பொட்டலம் வழியில் கெட்டுவிட்டால், மறுபடியும் அனுப்பப்படும். இதற்குப் "பாக்கெட் ரேடியோ" என்று பெயர். 1978-ம் ஆண்டு கனடாவில், மாண்ட்ரீல் நகர ஹாம்கள் இதைச் செய்து பார்த்தார்கள்.

தர்மபுரிக்கு என்ன பயன்?

தர்மபுரி மாவட்டத்தில் வத்தல்மலை இருக்கிறது. சித்தேரி மலை இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரி கரை புரளும் நாட்களும் உண்டு. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்படித்தான் பெருவெள்ளம் வந்தது.

பக்கத்து ஊர்களுக்குப் பேசும் ரேடியோ அலைக்கு, குறுக்கே மலை நின்றால் தடை. ஆனால் மலை உச்சியில் ஒரு ரேடியோவை வைத்தால் தடையே உதவி ஆகிவிடும். கட்டிட வேலையில் சாந்துச் சட்டியைக் கை மாற்றுவது போல, அது ஒரு பக்கத்துச் செய்தியை வாங்கி மறு பக்கம் தள்ளிவிடும்.

கதவு திறந்தது

அப்படியானால் ஏன் எல்லோரும் இதில் சேரவில்லை?

முன்பு இதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டும். இன்று சாதாரணக் கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்கிறது. அதற்கான "டயர்வுல்ப்" என்ற புரோகிராம் இலவசம்.

முன்பு "கட்-கடா" என்று மோர்ஸ் தந்தி அடிக்கப் படிக்க வேண்டும். 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக மாநாடு, அது வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டது. நம் நாட்டில் முதல் படி லைசென்சுக்கு மோர்ஸ் தேவை இல்லை. 12 வயது நிரம்பியவர் பரீட்சை எழுதலாம்.

இன்னும் என்ன வேண்டும்?

பெட்டி மலிந்தது. ஆள்தான் வேண்டும்.

பாடத்தைத் தமிழில் சொல்லித் தர வேண்டும். எந்த வயரை எங்கே செருகுவது என்று கூட இருந்து காட்ட வேண்டும். தனி ஆளாகத் தடுமாறுகிறவர் பாதியில் விட்டுவிடுவார். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் ஒரு சங்கம் அமைத்தால், பத்து மாணவர்கள் ஒன்றாகவே பழகலாம்.

இது செல்போனுக்கு மாற்று அல்ல. வியாபாரம் பேசக் கூடாது. ரகசியமும் கூடாது. செல்போன் கைவிடும் நாளில் கை கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்கூட்டியே பழக வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பரீட்சைக்குப் படிக்க முடியாது!