அரசு மென்பொருள்: சோதனைக்கு முன்பே தொடக்க விழா

புதுதில்லி: மத்திய அரசின் பெரிய திட்டங்கள் அனைத்தும் இன்று மென்பொருளை நம்பியே நடைபெறுகின்றன. வரி, மானியம், தடுப்பூசி என எதுவாயினும், சட்டம் மக்களைச் சென்றடையும் வாசல் ஓர் இணையதளமாகவே இருக்கிறது. அந்த வாசல் திறக்காவிட்டால், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் வெளியே காத்து நிற்க வேண்டியதுதான். மென்பொருளை உருவாக்குவதிலும் சோதிப்பதிலும் கடந்த கால் நூற்றாண்டில் தொழில்துறை வெகுதூரம் மாறிவிட்டது. அரசின் ஒப்பந்த நடைமுறையோ அந்த மாற்றத்தை இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை.

இதற்குத் தெளிவான சான்று வருமான வரித் துறையின் இணையதளம். சுமார் ரூ.4,242 கோடி மதிப்பிலான இத்திட்டத்துக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்ஃபோசிஸ் நிறுவனம் உருவாக்கிய புதிய தளம் 2021 ஜூன் 7-ம் தேதி தொடங்கப்பட்டது. தொடங்கியவுடனேயே புகார்கள் குவிந்தன. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சமூக வலைதளத்தில் பகிரங்கமாக அதிருப்தி தெரிவித்தார். ஆகஸ்ட் 23-ல் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி தில்லிக்கு அழைக்கப்பட்டு, குறைகளைக் களைய செப்டம்பர் 15 வரை கெடு விதிக்கப்பட்டது. தனிநபர்கள் கணக்குத் தாக்கல் செய்வதற்கான காலக்கெடு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

நள்ளிரவில் பிறந்த வரி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் ஒருமுறை நடத்தப்பட்டிருந்தது. 2017 ஜூலை 1-ம் தேதி, நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நள்ளிரவு விழாவுடன் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் கணக்குத் தாக்கல் செய்ய முடியாமல் வணிகர்கள் திணறினர். இணையதளச் சிக்கல்களைக் கண்காணிக்க பிகார் துணை முதல்வர் சுஷில் குமார் மோடி தலைமையில் அமைச்சர்கள் குழு செப்டம்பரில் அமைக்கப்பட்டது. வாங்குபவர், விற்பவர் இருவரின் விலைப்பட்டியலையும் கணினியே ஒப்பிடும் என்பதுதான் ஜிஎஸ்டியின் உயிர்நாடியாகக் கூறப்பட்டது. அந்த ஏற்பாடு ஆரம்பத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. போதிய முன்சோதனை இன்றித் திட்டம் தொடங்கப்பட்டதை 2019-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை சுட்டிக்காட்டியது.

இரு நிகழ்வுகளிலும் தேதியை அரசு முடிவு செய்தது. மென்பொருள் அந்தத் தேதியைத் துரத்திக்கொண்டு ஓடியது.

மாறிய முறை

பழைய முறையில் தேவைகளைப் பட்டியலிட்டு, வடிவமைத்து, நிரல் எழுதி முடித்த பிறகே சோதனை தொடங்கும். வீட்டைக் கட்டி முடித்து, குடிபுகும் நாளன்று தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பானது இது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் இதற்கு மாற்றாக 'அஜைல்' பிரகடனத்தை வெளியிட்டனர். சிறு பகுதிகளாக உருவாக்குவது, பயனாளரிடம் காட்டித் திருத்துவது என்ற வழி அதன் பின்னர் பரவலாயிற்று. இப்போது நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் தானியங்கிச் சோதனைகள் உடனே இயங்குகின்றன. புதிய வடிவம் முதலில் சிறு பிரிவினருக்கு மட்டும் தரப்படுகிறது. பழுது தெரிந்தால் திரும்பப் பெறப்படுகிறது.

இதை மீறினால் என்ன நேரும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் பழுதான ஒரு கோப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது.

படிப்படியாகச் செல்வது அரசுக்குத் தெரியாததும் அல்ல. சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில் முறை 2018 பிப்ரவரி 1-ல் நாடு முழுவதும் தொடங்கி, அன்றே முடங்கி, ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையேயான சரக்குகளுக்கு அமலானது. ஏப்ரல் 15 முதல் ஐந்து மாநிலங்களின் உள்மாநிலப் போக்குவரத்துக்கும், தமிழகத்தில் ஜூன் 2 முதலும் விரிவுபடுத்தப்பட்டது. இம்முறை முதல் நாள் நிலைகுலைவு மீண்டும் நேரவில்லை.

செயற்கை நுண்ணறிவு இப்பிரச்னைக்குப் புதிய பரிமாணத்தைத் தந்துள்ளது. கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரல்களில் கால் பங்குக்கும் அதிகமானவற்றை இயந்திரமே எழுதுவதாகவும், பொறியாளர்கள் அவற்றைச் சரிபார்ப்பதாகவும் 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை தெரிவித்தார். எழுதுவது எளிதாக ஆக, சரிபார்ப்பதன் சுமை கூடுகிறது. ஒப்பந்ததாரர் எவ்வளவு வேகமாக நிரலை ஒப்படைத்தாலும், அதைச் சோதித்து ஏற்கும் திறன் துறையிடம் இல்லாவிட்டால் பலனில்லை.

யாருக்குப் பொறுப்பு?

கொள்முதல் விதிகளில் ஓரளவு நெகிழ்வு வந்துள்ளது. குறைந்த விலைப்புள்ளிக்கே பணி என்ற வழக்கத்தைத் தளர்த்தி, தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பளிக்க நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வழிவகுத்தது. ஆனால், தரமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். சோதனை முடியாமல் தொடங்க மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு விதிகளில் விடை தேட வேண்டியிருக்கிறது.

சிஏஜி அறிக்கை பாதிப்பு நேர்ந்த பிறகே வருகிறது. நாடாளுமன்ற நிலைக் குழுக்களும் பெரும்பாலும் செலவான தொகையையே கேட்கின்றன. பல கோடிப் பேர் பயன்படுத்தும் தளம் எதுவாயினும், தொடக்க நாளுக்கு முன் அதன் சோதனை அறிக்கை சம்பந்தப்பட்ட குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று உறுப்பினர்கள் வலியுறுத்தலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தளம் முடங்கினால் காலக்கெடுவை நீட்டித்து அரசு சமாளித்துக்கொள்ளும். கணினி மையத்தில் மூன்று நாள் காத்திருந்த சிறு வணிகருக்கு அந்த நாள்களை எவரும் திருப்பித் தருவதில்லை.