பூட்டு யாருக்கு?

"மானம் போயிற்றே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார் தந்தை. மூலையில் விம்மி அழுகிறாள் மகள். செல்போன் பறிக்கப்படுகிறது; மறுநாள் பள்ளிக்கூடமும் நிறுத்தப்படுகிறது. "போதும் படித்தது!" தீர்ப்பு முடிந்துவிட்டது. தண்டனை சிறுமிக்கு! மிரட்டியவனோ எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, அடுத்த குழந்தைக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான்!

இதுவா நீதி? கேட்கிறோம், தோழர்களே, இதுவா நீதி?

அந்நாளில் திருடன் சுவரில் கன்னம் வைத்தான். இந்நாளில் அந்தத் தொல்லையும் இல்லை. தாளிட்ட வீட்டுக்குள், பிள்ளையின் உள்ளங்கை வழியாகவே நுழைகிறான். விளையாட்டுத் துணைவனாக வருகிறான், பாராட்டுகிறான், பரிவு காட்டுகிறான், "நமக்குள் இருக்கட்டும்" என்கிறான், படம் கேட்கிறான். கிடைத்ததும் கோரப்பல் தெரிகிறது: "இன்னும் அனுப்பு! இல்லையேல் பணம் கொடு! இல்லையேல் ஊரறியச் செய்வேன்!" பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும் இதே கதிதான்.

அவன் மிரட்டலுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்து! "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்" என்ற அச்சமே அவன் கையிலுள்ள கத்தி. அதைத் தீட்டிக் கொடுப்பது நமது கோபம்.

பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் முகம் பேசும். உறக்கம் கெடுகிறதா? உணவு செல்லவில்லையா? செய்தி வந்த ஒலி கேட்டதும் திடுக்கிடுகிறதா? பள்ளிக்குப் போக மறுக்கிறதா? நாம் வாங்கித் தராத பொருள் கையில் இருக்கிறதா? அதட்டாதீர், அருகே அமருங்கள். "உன் மேல் குற்றமில்லை" என்பதே முதற்சொல்லாக இருக்கட்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத அனைவரும் குழந்தைகளே. படத்தைக் காட்டி மிரட்டுவது குற்றம். அது மெய்ப் படமாயினும் குற்றம், பொய்யாகப் புனைந்த படமாயினும் குற்றம். வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரைப் பத்திரிகை வெளியிடக் கூடாது.

"பார்த்தால் என்ன?" என்பாரும் உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கித் தனிமையில் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு குழந்தை சிதைக்கப்பட்டதன் தடயம் அது, வேடிக்கைப் பொருளா?

கோடி கோடியாகக் குவிக்கும் நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லையா? 2024 ஜனவரி 31இல் அமெரிக்க செனட் விசாரணையில், பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற பெற்றோரை நோக்கி எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார், பேஸ்புக்கை நடத்தும் மார்க் சக்கர்பெர்க். வருத்தம் வந்தது, போன பிள்ளை வந்ததா? ஆஸ்திரேலியாவோ 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களின் தலையிலேயே சுமத்தி, 2025 டிசம்பர் 10 முதல் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வழி சரியா என்பதில் வாதம் இருக்கலாம். பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? மிரட்டியவனுக்குப் பணம் தராதீர். பணிந்தால் மேலும் கேட்பான். உரையாடலை அழிக்காதீர், அதுவே சாட்சி. ஆனால் குழந்தையின் படத்தை எவருக்கும் அனுப்பாதீர். உதவி கேட்பதற்காகக்கூட வேண்டாம். 1098ஐ அழையுங்கள், அது குழந்தைகளுக்கான உதவி எண். இணையக் குற்றங்களுக்கு 1930. அருகிலுள்ள காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது.

கிளைதோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்குள்ள கரும்பலகையில் இன்றே இந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் என்னிடம் சொல், அடிக்க மாட்டேன்."

பெண்ணைப் படிக்கவைக்கப் போராடிய இயக்கம் இது. எவனோ ஒரு கயவனுக்காக அவளை மீண்டும் அடுப்படிக்கு அனுப்பலாமா? மானம் இழந்தவன் அவன். நம் மகள் அல்ல. பூட்ட வேண்டியது அவனை, சிறைக் கதவுக்குப் பின்னால்!