‘மற்றவை’ என்ற துண்டுக்குள் இருப்பவை

மைசூருவில் இயங்கும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு வெளியிடும் ஆண்டறிக்கைகளைப் புரட்டியவர்களுக்கு அவற்றின் அமைப்புத் தெரியும். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓர் எண், ஊர், அரசன், ஆட்சியாண்டு, மொழி, பிறகு சில வரிச் சுருக்கம். முழுப் பாடம் அதில் இராது. பாடம் வேண்டுவோர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைத் தேடுவர். அச்சேறாதது என்றால் மைப்படியைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்ததும், சுருக்கம் போதாது, மூலம் கைக்கெட்ட வேண்டும் என்ற எண்ணமே. சுருக்கத்தைக் கல்வெட்டென்று எந்த ஆய்வாளரும் மயங்கியதில்லை. அது சுருக்கம் என்பதை அதன் வடிவமே சொல்லிவிடுகிறது.

அதே ஊரின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் நாள்தோறும் பார்க்கப்படும் சேவை மேலாண்மை டாஷ்போர்டுகளுக்கு இந்த நேர்மை இல்லை. ஹெல்ப் டெஸ்க்கில் பதிவாகும் டிக்கெட்டுகள் வகைவாரியாக வட்டப்படமாகத் தோன்றுகின்றன. முதல் பத்துப் பன்னிரண்டு வகைகளுக்குத் தனி வண்ணம். எஞ்சியவை அனைத்தும் ‘மற்றவை’ என்ற சாம்பல் நிறத் துண்டு. சில கருவிகளில் அந்தத் துண்டுகூட வராது. எஞ்சியவை சத்தமின்றி விடுபடும், விழுக்காடுகள் மட்டும் நூறுக்குச் சரியாகக் கூடும். எம்பிஏ, எம்சிஏ மாணவர்கள் தங்கள் திட்டக் கட்டுரைகளுக்குத் தரவாக எடுத்துக்கொள்வது இந்தப் படங்களையும், இவற்றிலிருந்து இறக்கிய எக்ஸெல் கோப்புகளையும்தான். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

வரம்புகள் இரகசியமானவை அல்ல. சேல்ஸ்ஃபோர்ஸ் அறிக்கை திரையில் 2,000 வரிசைகள் வரைதான் காட்டும். பவர் பிஐ காட்சியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக இறக்கினால் 30,000 வரிசைகள், எக்ஸெல்லாக இறக்கினால் 1,50,000. எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பு அமைப்பில் ஒரு தேடலின் முடிவுகளில் 10,000க்கு அப்பால் புரட்ட இயலாது. இவற்றுக்குக் காரணமும் உண்டு: சர்வரின் சுமை ஒன்று, இருநூறு துண்டுகள் கொண்ட வட்டத்தை எந்தக் கண்ணும் படிக்காது என்பது மற்றொன்று. வரம்பு குற்றமன்று. அது எட்டப்பட்டுவிட்டது என்பதைத் திரை சொல்லாமலிருப்பதே குற்றம்.

சொல்லாததன் விலை சிறிதன்று. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்களின் முடிவுகள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றப்பட்டன; அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. விடுபட்டவர்களோடு தொடர்பிலிருந்தோரைத் தேடும் பணி அதனால் பல நாள் தாமதமாயிற்று.

ஹெல்ப் டெஸ்க்கில் உயிர்கள் அவ்வாறு ஊசலாடுவதில்லை எனலாம். ஆயினும் பிழையின் போக்கு அதேதான். ஓர் எடுத்துக்காட்டு: தீர்க்கப்படாத டிக்கெட்டுகள் 14,000 என்று கொள்வோம். கருவி புதியதை முதலில் வைத்து 10,000 வரிசைகளை மட்டும் இறக்குகிறது. விடுபடும் 4,000 எவை? மிகப் பழையவை. நெடுநாள் காத்திருப்போர் அனைவரும் கோப்புக்கு வெளியே நிற்க, சராசரிக் காத்திருப்புக் காலம் குறைவாக வெளிப்படும். இதை மாதிரித் தரவு என்று கட்டுரையில் எழுதுவது தவறு. மாதிரி என்பது தேர்ந்தெடுக்கப்படுவது, இது வெட்டுப்பட்டது.

சுற்றுவழிகள் பல வழக்கில் உள்ளன. அவற்றை வெறும் கைத்திறனாகக் கருதுவதே கல்விப்புலத்தின் குறை. அவை ஆய்வு முறையியலின் பகுதி. அறிக்கையை மாதவாரியாகப் பிரிப்பது எளிய வழி. ஆனால் ஒவ்வொரு காலத்துண்டும் தொடக்க நாளைச் சேர்த்து முடிவு நாளை விலக்க வேண்டும். இல்லையேல் எல்லையில் பதிவானவை இருமுறை எண்ணப்படும். பக்கம் பக்கமாக இறக்கும்போது டிக்கெட் எண் போன்ற மாறாத ஒன்றின்படி வரிசைப்படுத்த வேண்டும். கடைசியாகத் திருத்திய நேரத்தின்படி வரிசைப்படுத்தினால், இறக்கிக்கொண்டிருக்கும்போதே டிக்கெட்டுகள் இடம் மாறிவிடும்.

‘மற்றவை’யைப் பிரித்துக் காட்டப் பலரும் செய்வது, முதல் பன்னிரண்டு வகைகளை விலக்கி இரண்டாவது அறிக்கை ஒன்றை அமைப்பது. இதில் ஒரு பொறி உண்டு. விலக்கற்பட்டியல் ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே கிடக்கும். தரவரிசையோ மாதந்தோறும் மாறும். பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றாம் இடத்துக்கு இறங்கிய வகை முதல் படத்திலும் இராது, இரண்டாவதிலும் இராது. பெரும்பாலும் அது புதிய அச்சுப்பொறித் தொல்லையாகவோ ஒரு சிறு கிளை அலுவலகத்தின் இணையத் தடையாகவோ இருக்கும்; அங்கிருப்போர் மீண்டும் மீண்டும் முறையிடுவர், மேலாளரின் திரை அமைதியாக இருக்கும். பட்டியலைக் கையால் எழுதாமல் அவ்வப்போது கணக்கிடச் செய்வதே இதற்குத் தீர்வு. அல்லது படத்தையே விட்டுவிட்டு, முன்கூட்டியே தொகுத்த அட்டவணை ஒன்றை வைக்கலாம். அழகு குறையும், எதுவும் தொலையாது.

திட்டக் கட்டுரைகளை மதிப்பிடும் பேராசிரியர்கள் வாய்மொழித் தேர்வில் கேட்பதற்கு ஒரே கேள்வி போதும்: தரவுத்தளம் சொன்ன மொத்த எண்ணிக்கை எவ்வளவு, கோப்பில் உள்ள வரிசைகள் எவ்வளவு? இரண்டையும் கட்டுரையின் மூன்றாம் இயலில், தரவு திரட்டிய நாளோடு அருகருகே எழுதும்படி பல்கலைக்கழகங்கள் விதிக்க வேண்டும். கோப்பில் வரிசைகள் சரியாக 10,000 என்று முடிந்தால், அடுத்த கேள்வியைத் தேர்வாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராது.