பெயர் பொருந்தினால் போதுமா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்குப் பாகம் வாங்கப் போனால் மட்டும் ஒரே ஒரு பொருத்தத்தோடு திருப்தி அடைந்து விடுகிறோம். அதுதான் விலைப் பொருத்தம்! வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகல்லவா தெரிகிறது, பெண் ஒரு திசை, பிள்ளை ஒரு திசை என்று!

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக் கொண்டது. சரி, விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால், அது எல்லாப் பிராசசரையும் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. சில விதிவிலக்குகள் போக, இன்டெலில் எட்டாவது தலைமுறை, ஏ.எம்.டி.யில் ரைஸன் 2000 வரிசை, இவற்றிலிருந்துதான் அநுமதி. 2017ல் ஆசை ஆசையாகக் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் பலர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். "புதிதாகவே வாங்கிவிடலாம், அப்பா!" என்கிறான் பிள்ளை. அப்பாவோ பாங்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். நடுவே ஒரு வழி உண்டு: தேவையான பாகத்தை மட்டும் மாற்றுவது. ஆனால் அந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் ஒரு மாதச் சம்பளம் போன இடம் தெரியாது.

இரண்டு வீடுகளை எடுத்துக் கொள்வோம். இரண்டிலும் 2017ல் வாங்கிய கம்ப்யூட்டர்.

முதல் வீட்டில் இன்டெல் ஐ5-7400 பிராசசர், பி250 மதர்போர்டு. பிராசசர் உட்காரும் பீடத்தின் பெயர் எல்.ஜி.ஏ. 1151. அதே 2017 அக்டோபரில் எட்டாவது தலைமுறையின் ஐ5-8400 வெளிவந்தது. அதன் பீடத்துக்கும் பெயர் 1151தான். பழைய சாமான் கடையில் அது மலிவாகக் கிடைக்கிறது. "பெயர் ஒன்று, அளவு ஒன்று. அப்புறம் என்ன?" என்று வாங்கி வந்து வைத்தால், ஜம்மென்று உட்காரவும் உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் உயிர் பெறாது! எந்த ஊசிக்கு எந்த வேலை என்பதை இன்டெல் எட்டாவது தலைமுறையில் மாற்றிவிட்டது. அதற்கு 300 வரிசை மதர்போர்டுதான் வேண்டும். ஆக, இந்த வீட்டுக்காரர் முறைப்படி விண்டோஸ் 11க்குப் போவதென்றால் பிராசசரோடு மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும். அவ்வளவு செலவு இப்போது முடியாதென்றால், ஓர் எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ராமும் சேர்த்து, லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும், கடிதம் அடிப்பதற்கும் அந்த இயந்திரம் இன்னும் சில வருஷங்கள் தாராளமாக உழைக்கும்.

இரண்டாவது வீட்டில் ரைஸன் 5 1600, பி350 மதர்போர்டு. பீடம் ஏ.எம்.4. இந்தப் பீடத்தை ஏ.எம்.டி. பல தலைமுறைகளுக்கு மாற்றாமல் வைத்துக் கொண்டது. 2022ல் வெளிவந்த ரைஸன் 5 5600ஐ இந்தப் பழைய 300 வரிசைப் போர்டுகளிலும் போட்டுக் கொள்ள அதே வருஷம் வழி விட்டது. பழையதும் 65 வாட் வகை, புதியதும் 65 வாட் வகை. மதர்போர்டு அதுவே, ராம் அதுவே, எஸ்.எம்.பி.எஸ். அதுவே. ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் வீடு புதுப்பித்த மாதிரி! 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, கையிலுள்ள ராமைக் காப்பாற்றிக் கொள்வதன் அருமை தெரியும்.

ஆனால் முகூர்த்தத்துக்கு முன் செய்ய வேண்டிய சடங்குகள் சில இங்கே உண்டு. வரிசை தப்பக்கூடாது.

முதலாவது, உங்கள் மதர்போர்டை உற்பத்தி செய்த கம்பெனியின் இணையதளத்தில், அதே மாடலின் பிராசசர் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இருந்தால்தான் பேச்சு. எந்தப் பயாஸிலிருந்து அது வேலை செய்யும் என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டாவது, பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து விடுங்கள். பழையதைக் கழற்றிய பிறகு ஞாபகம் வந்து பிரயோசனமில்லை. பயாஸ் மாறிக் கொண்டிருக்கையில் கரண்ட் போனால் மதர்போர்டே ஊமையாகிவிடக்கூடும், யு.பி.எஸ். இருந்தால்தான் கை வையுங்கள். மூன்றாவது, பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருக்கிறீர்களா? பிராசசர் மாறினால் அதற்குள் இருக்கும் டி.பி.எம். சாவியும் மாறிவிடும். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைக்காதவர்களுக்கு, குழந்தையின் ஆண்டு நிறைவுப் படங்கள் உள்பட எல்லாம் பூட்டிய அறைக்குள் போய்விடும்.

கழற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏ.எம்.4 வகையில் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. இறுகிப் போன பசையோடு கூலரை வெடுக்கென்று இழுத்தால், பிராசசரும் கூடவே பிடுங்கிக் கொண்டு வரும், ஊசிகள் வளையும். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, பசை இளகியதும் அணைத்து, மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள்.

இன்னொன்று: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் காலம் தள்ளுகிறவர்கள் 5600ஐ வாங்கினால் திரையில் படமே வராது. அவர்களுக்கு 5600ஜி. இன்டெலிலும் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று முடிந்தால் இதே கதைதான். ஓர் எழுத்துதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள்!

மதர்போர்டையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் ராமைக் கவனிக்க வேண்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் தொடுமுனைகள் 288தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைக்கப் பார்ப்பது வீரமல்ல. 2022ல் வந்த ஏ.எம்.5 பீடம் டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 பீடத்திலோ இரண்டு ராமுக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு. பழைய டி.டி.ஆர்.4 கையில் இருந்தால், அதற்குரிய போர்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி.யிலும் இந்த இரட்டை வேஷம் உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்த வடிவத்துக்குள் சாட்டாவும் இருக்கலாம், என்.வி.எம்.இ.யும் இருக்கலாம். சில போர்டுகளின் துளை ஒன்றை மட்டுமே ஏற்கும். 2280 என்றால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று அர்த்தம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதானால் கேபினெட்டின் உள்நீளத்தை அளந்து கொள்ளுங்கள். பிறகு மின்சாரக் கணக்கு. போர்டின் துளை வழியாக 75 வாட் வரை கிடைக்கும்; எட்டு ஊசி இணைப்பு 150 வாட் தரும். ஆர்.டி.எக்ஸ். 3060க்கு 170 வாட். 75ம் 150ம் சேர்ந்தால் 225. போதும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த எட்டு ஊசி ஒயர் இருக்க வேண்டுமே! ஆபீஸ்களில் கழித்து விட்ட பிராண்டு கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இணைப்பே தனி ஜாதி. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் சேராது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. கழற்றி மாட்டும் ஒயர்கள் கொண்ட வகையில், பழைய ஒயரைப் புதியதில் சொருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே மின்சாரம் போகும் வழி வேறாக இருக்கலாம். ஸ்விட்சைப் போட்ட மாத்திரத்தில் ஹார்டு டிஸ்க் கருகிப் போகும். டிஸ்க் போனால் இன்னொன்று வாங்கலாம். அதிலிருந்ததை எந்தக் கடையில் வாங்குவது? ஆகையால் திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே முக்கியமானவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் ஒரு காகிதத்தில் ஐந்து குறிப்புகள் எழுதிக் கொள்ளுங்கள்: மதர்போர்டின் மாடல், பயாஸின் எண், ராமின் வகை, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாட்டும் ஒயர்களும், கேபினெட்டின் உள்நீளம். முதல் இரண்டும் விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்திலேயே கிடைக்கும். கடைக்காரர், "எல்லாம் பொருந்தும் ஸார், எடுத்துப் போங்க!" என்றால், "பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக் கொள்வீர்களா?" என்று சிரித்துக் கொண்டே கேளுங்கள். சம்மதித்தால் அதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். காகிதத்தோடு வருகிற வாடிக்கைக்காரரிடம் எந்தக் கடைக்காரரும் சற்று மரியாதையாகத்தான் நடந்துகொள்வார்!